ஒரே மூட்டையாகக் கட்டலாமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணினி அறிவியல்)

ஜாவாவில் எழுதிய நிரலை ஒரே ஜார் கோப்பாகக் கட்டிக் கொடுப்பதே சிறப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பென் டிரைவில் எடுத்துப் போகலாம். தேர்வாளரும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போட்டுவிடுவார். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பிளக்-இன் என்று நாம் சொல்லும் செருகுநிரல்களைப் பொறுத்தவரை அது தவறு என்பது இப்போது என் கருத்து.

சென்ற பருவத்தில் மாமாவின் உரக்கடைக்கு ஒரு நிரல் எழுதினேன். மூலநிரல் கணக்கு மட்டும் போடும். ரசீது அச்சிட ஒரு செருகுநிரல். அன்றாட விற்பனையைக் கோப்பில் எழுத இன்னொன்று. மூன்றும் தனித்தனி ஜார். மூலநிரலுக்கு மற்ற இரண்டின் பெயரே தெரியாது. "இந்த வேலைக்கு யார் யார் இருக்கிறீர்கள்?" என்று அது கேட்கும், 2006-இல் வந்த ஜாவா 6 முதல் நமக்குக் கிடைக்கும் சர்வீஸ்லோடர் தேடித் தரும். ஒவ்வொரு ஜாரிலும் மெட்டா-இன்ஃப் அடைவுக்குள் சர்வீசஸ் என்றோர் அடைவு. இன்டர்ஃபேஸின் முழுப்பெயரே அங்குள்ள கோப்பின் பெயர்; உள்ளே செருகுநிரலின் கிளாஸ் பெயர் ஒரு வரி. அவ்வளவுதான்.

மதிப்பீட்டுக்கு முதல்நாள் மூன்றையும் பிரித்து ஒரே ஜாராகக் கட்டினேன். கணக்கு வந்தது, ரசீது வரவில்லை. பிழைச்செய்தியும் இல்லை! இரவெல்லாம் தேடினேன். இரண்டு செருகுநிரல்களிலும் அந்தக் கோப்பின் பெயர் ஒன்றுதானே? பின்னால் வந்தது முன்னதை அழித்துவிட்டது. சர்வீஸ்லோடரோ கிடைத்ததைக் கொடுத்துவிட்டு வாய்மூடி இருந்தது. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அது புகார் சொல்லாது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். விஷயத்தைச் சொன்னதும், "ரெண்டு மூட்டையை ஒண்ணாக் கொட்டினா எந்தச் சீட்டைடா கட்டுவே?" என்றார்.

கட்டும் கருவியே அந்தக் கோப்புகளை இணைத்துத் தருமே என்று நண்பர்கள் வாதிடலாம். மேவனின் ஷேட் கருவியில் அந்த வசதி உண்டு. ஆனால் நாம் கேட்டால்தான் செய்யும். மேலும், இரு செருகுநிரல்கள் ஒரே நூலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டால்? ஒரே ஜாரில் ஒன்றுதான் பிழைக்கும். தனித்தனி கிளாஸ் லோடரில் ஏற்றினால் இரண்டும் வாழும். ஏனெனில் ஜாவா ஒரு கிளாஸைப் பெயரால் மட்டும் அறிவதில்லை. ஏற்றிய லோடரையும் சேர்த்தே அறிகிறது. கீழத்தெரு முருகனும் மேலத்தெரு முருகனும் வேறு வேறு ஆள் அல்லவா! அதனாலேயே பொதுவான இன்டர்ஃபேஸ் மட்டும் தாய் லோடரில் ஒரே ஒருமுறை ஏற வேண்டும். எக்லிப்ஸ் 2004-இல் தன் 3.0 பதிப்பை ஓ.எஸ்.ஜி.ஐ. முறைக்கு மாற்றியதும் இத்தகைய ஒழுங்கை வைத்துத்தான்.

முன்பின் தெரியாதவர் தரும் செருகுநிரல் ஆபத்து என்பதை மறுக்கவில்லை. மூலநிரலுக்குள்ள உரிமையெல்லாம் அதற்கும் உண்டு. காவலுக்கு இருந்த செக்யூரிட்டி மேனேஜரும் 2025-இல் ஜாவா 24-உடன் முடக்கப்பட்டுவிட்டது.

ஆனாலும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடத் தேர்வில் விடை வந்ததா என்று பார்ப்பதோடு, வேறொரு மாணவர் எழுதிய ஜாரை அடைவில் போட்டு, மீண்டும் கம்பைல் செய்யாமல் ஓடுகிறதா என்றும் பார்க்கலாமே. 10 மதிப்பெண் ஒதுக்கினால் போதும். என் இன்டர்ஃபேஸ் தயாராக இருக்கிறது. உரக்கடைக்குக் கடன் பாக்கிச் செருகுநிரல்தான் இன்னும் இல்லை. எழுத விரும்புவோர் வரலாம்.