பாராத படமும் இட்ட கையொப்பமும்

திரையரங்கின் வாயிலை மிதியாதவன் நான். பழைமைவாதி என்று என்னை அழைப்பினும் வருந்தேன்.

2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ திரைப்படத்தை எதிர்த்து நம் அமைப்புகள் குரல் எழுப்பின. தமிழக அரசும் பதினைந்து நாட்களுக்குத் தடை விதித்தது. முஸ்லிம் பெயர் தாங்கியோரைத் திரையில் வன்முறையாளராகவே கண்டு கண்டு நொந்த நெஞ்சங்களின் சினம் அது, பொய்ச் சினமன்று. 1992இல் ‘ரோஜா’ வந்த காலந்தொட்டே ஆறாத புண்ணல்லவா!

ஆயினும், நிகழ்ந்தது யாது? தொலைக்காட்சிகள் அல்லும் பகலும் அதனையே பேசின. நாம் வாசற்படிக்கு வெளியே நிறுத்தியிருந்த சினிமா, நம் போராட்டத்தின் தோளேறியே இல்லத்துள் நுழைந்தது. அதுவரை அப்படத்தின் பெயரையும் அறியாதிருந்த என் மகள், “அதில் அப்படி என்னதான் இருக்கிறது, வாப்பா?” என்று கேட்டாள். சில காட்சிகளில் திருத்தம் செய்ய உடன்பாடு கண்டபின், பிப்ரவரி 7ஆம் நாள் படம் தமிழகத்தில் வெளியாயிற்று. கூட்டத்திற்கும் குறைவில்லை.

பாராதிருப்பது நம் உரிமை. எழுத்தாலும் பேச்சாலும் கண்டிப்பதும் நம் உரிமையே. பிறரும் பாராவண்ணம் தடுக்குமாறு ஆட்சியாளரை வேண்டினோமே, அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. நாளை நம் நூலொன்றையோ நம் மேடையொன்றையோ அமைதியின் பெயரால் அவர்கள் தடுப்பின், எந்த நாவால் முறையிடுவோம்?

மகளுக்கு அன்று நான் விடை கூறவில்லை. படத்தைப் பாராமலே மனுவில் கையொப்பமிட்டோருள் நானும் ஒருவன்.