சோலார் பேனல் ஏறவும் ஒரு கூரை வேண்டும்

மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூனில் தொடங்கி, 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தமிழகத்தில் 11 நகரங்கள் அதில் இடம்பெற்றன. பக்கத்தில் திருச்சியும் தஞ்சாவூரும் உண்டு. பெரம்பலூரும் அரியலூரும் இல்லை. நகரத்துக் கட்டடங்களுக்கான சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் கொடுப்பதோடு நம் பங்கு நின்றுவிட்டது.

ஆனால் சூரிய மின்சாரம், பசுமைக் கட்டடம் என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. ஸ்மார்ட் சிட்டிக்கு நான்கு ஆண்டு முன்பே, 2011-இல், முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் கிராமங்களுக்கு வந்தது. 300 சதுர அடியில் ஒரு வீடு, தொடக்கத்தில் ரூ.1.80 லட்சம், அதில் 30 ஆயிரம் சோலார் விளக்குகளுக்கு. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, வராந்தா என ஐந்து இடத்தில் ஐந்து விளக்கு. ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடுகளில் 29 விழுக்காடு ஆதிதிராவிடர்களுக்கு. இந்த ஒதுக்கீட்டில் குறை சொல்ல எதுவுமில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. பேனல் 20, 25 ஆண்டு உழைக்கும். பேட்டரி அப்படியல்ல, சில ஆண்டுகளில் மாற்றியே ஆக வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் புது பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் எங்கே போகும்? வீட்டைக் கட்டக் காட்டிய அக்கறையைப் பராமரிப்பில் காட்டாவிட்டால் பசுமை வீடு வெறும் வீடாகிவிடும். பட்டா இல்லாதவர்களோ அந்த வரிசையிலேயே நிற்க முடியவில்லை.

இப்போது 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம். ஒரு கோடி வீடுகள் இலக்கு. 1 கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், 2 கிலோவாட்டுக்கு 60 ஆயிரம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78 ஆயிரம் ரூபாய் மானியம். மின்வாரியக் கம்பியோடு இணைப்பதால் பேட்டரித் தொல்லை கிடையாது. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி உறுதியான கூரை வேண்டும். வீடும் மின் இணைப்பும் முறையாகப் பேரில் இருக்க வேண்டும். மானியம் பேனல் பொருத்தி முடித்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும்; முதலில் போடும் பணம் கைப்பணமோ, வங்கிக் கடனோ. காரை பெயர்ந்து கம்பி தெரியும் பழைய தொகுப்பு வீட்டில், இறந்துபோன தாத்தா பேரில் மின் இணைப்பு வைத்திருப்பவர் எந்தக் கதவைத் தட்டுவார்? தவிர, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை தமிழகத்தில் ஏற்கெனவே இலவசம். அதற்குள் அடங்கும் வீட்டுக்குக் கடன் வாங்கிப் பேனல் போட்டால் கட்டணத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை.

இதே திட்டத்தில் மாதிரி சூரிய கிராமம் என்று ஒரு பகுதி உண்டு. மாவட்டத்துக்கு ஒரு கிராமம். 5,000 பேருக்கு மேல் உள்ள வருவாய்க் கிராமங்களுக்குள் போட்டி. வெல்லும் கிராமத்துக்கு ரூ.1 கோடி. அதிக சூரிய மின்திறன் நிறுவிய கிராமமே வெல்லும். ஊரும் காலனியும் ஒரே வருவாய்க் கிராமத்தில்தான் வருகின்றன. ஊர்த்தெரு மாடிகளில் மட்டும் பேனல் ஏறினாலும் கிராமம் வென்றதாகவே கணக்கு. (‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். சொல் போகட்டும், நல்லதுதான். கணக்கில் அந்தத் தெரு தனியாகத் தெரிய வேண்டும்.)

வழி இல்லாமல் இல்லை. ஆந்திர அரசு பட்டியலின, பழங்குடி வீடுகளுக்கு 2 கிலோவாட் வரை இலவசமாகவே பொருத்தித் தரத் திட்டமிட்டுள்ளது. வீட்டுக்காரர் முன்பணம் போட வேண்டியதில்லை. மின் நிறுவனமே முன்நின்று செய்யும் முறைக்கு மத்திய விதிகளில் இடம் இருக்கிறது. தமிழகத்திலோ ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024-லேயே நிறைவேறியிருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஒதுக்கிச் செலவிட வேண்டும் என்பதே அதன் சாரம். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியலின மக்கள் சுமார் 31 விழுக்காடு, அரியலூரில் சுமார் 23. அந்தப் பணத்தில் காலனிக் கூரைகளைப் பழுதுபார்த்து, அதன்மேல் பேனல் போட்டால் என்ன? தனிக்கூரை தாங்காத இடத்தில் சமுதாயக் கூடம், விடுதி, பள்ளி மாடிகளில் போட்டு, வரும் மின்சாரத்தைக் காலனி வீடுகளின் கணக்கில் வரவு வைக்கலாம்.

பேனல் பொருத்துவதும் பராமரிப்பதும் வேலைதான். ஐ.டி.ஐ. படித்த நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. கேட்க வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். பேட்டரி செத்ததும் பசுமை வீடு இருண்டதற்கு, பக்கத்தில் பழுதுபார்க்க ஆள் இல்லாததும் ஒரு காரணம்.

அடுத்த கிராம சபையில் மூன்று கேள்வி கேட்கலாம். நம் பகுதியில் பசுமை வீடுகள் எத்தனை, அதில் சோலார் விளக்கு எரிவது எத்தனை? சூரிய வீடு திட்டத்தில் இதுவரை பேனல் ஏறிய வீடுகளில் நம் தெருவில் எத்தனை? இறந்தவர் பேரில் உள்ள மின் இணைப்புகளை மாற்றித்தர மின்வாரியம் எப்போது முகாம் போடும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி வாங்குவோம்.