ஒழுகும் கௌரவம்

நம்மவர்களுக்கு ஒரு விசித்திரமான கௌரவம் உண்டு. தம்முடைய சொத்தைப் பற்றித் தமக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிக்கொள்வதில் இருக்கிற கௌரவம் அது. "கணக்கெல்லாம் குமாஸ்தா பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ ஜமீன்கள் போயின. ஜமீன் போயிற்றே தவிர அந்தப் பேச்சு போகவில்லை. இன்றைக்கு மோட்டார் வைத்திருக்கும் கனவான் ஒருவரிடம், "உங்கள் வண்டியின் ரேடியேட்டரில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் மெக்கானிக் பார்த்துப்பான் சார்!" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு புன்னகை தவழும். அந்தப் புன்னகையோடுதான் எனக்குச் சண்டை.

நான் மெக்கானிக் அல்ல. கதை எழுதிப் பிழைப்பவன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கினவனும் அல்ல. அந்த இரண்டு வருஷமும் பௌதிகத்துக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. என்னிடம் 1986-ஆம் வருஷத்து அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. அதைச் செய்த உத்தரபாரா ஆலை 2014-ல் நின்றுபோயிற்று. தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் தண்ணீர் ஒழுகினால் நானே கீழே படுத்துப் பார்க்கிறேன். என்னால் ஆனதை நானே சரிசெய்கிறேன். "என்ன சார், ஆள் கிடைக்கலியா?" என்று எதிர்வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்கிறார். நான் நொடித்துப்போய்விட்டேன் என்று அவருக்கு எண்ணம்.

பழைய வண்டியில் தண்ணீர் ஒழுகினால், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது சொந்தக்காரனுடைய கடமை. பெரும்பாலான ஒழுக்குகளை அவனே அடைத்துவிடவும் முடியும். அப்படிச் செய்யாமல் இருப்பதற்கு நாம் சொல்லும் காரணங்கள் எல்லாம் சோம்பலுக்குப் போர்த்திய ஜரிகைச் சால்வைகள். இதுதான் என் கட்சி.

இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூட்டில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்ற உதவுகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. இன்னொரு பெரும் பங்கைத் தண்ணீர் சுமந்துகொண்டு போக வேண்டும். அந்தத் தண்ணீரை ஒரு பம்ப் தள்ளுகிறது. சுடுதண்ணீர் மேலே உள்ள ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றுப் பட்டு ஆறி, கீழே உள்ள ரப்பர் குழாய் வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. நடுவே தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னக் கதவு. தண்ணீர் சுமார் 80 டிகிரிக்குச் சூடேறுகிற வரையில் அது வழி விடுவதில்லை. அவ்வளவுதான் சங்கதி. வில்ஹெல்ம் மேபாக் என்ற ஜெர்மானியர் 8070 சிறு குழாய்களைத் தேன்கூடு போல் அடுக்கி 1901-ஆம் வருஷத்து மெர்ஸிடிஸ் வண்டிக்கு ரேடியேட்டர் செய்தார். காற்றில் தண்ணீரை ஆற வைக்கும் அந்தத் தத்துவம் இன்றுவரை மாறவில்லை.

இதே சாஸ்திரம் நம் வீட்டுச் சமையலறையில் தினந்தோறும் நடக்கிறது. ரேடியேட்டரின் மூடியை வெறும் மூடி என்று நினைக்காதீர்கள். பிரஷர் குக்கருக்குக் குண்டு எப்படியோ, ரேடியேட்டருக்கு அந்த மூடி அப்படி. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியைப் போட்டால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் சுமார் 111 டிகிரி வரையில் பொறுத்துக்கொண்டிருக்கும். மூடியின் ரப்பர் வளையம் செத்துப்போனால் அந்தப் பொறுமையும் போய்விடும். குக்கரில் கேஸ்கட் போனால் என்ன ஆகும் என்று வீட்டு அம்மாளைக் கேளுங்கள். "ஓரத்திலே ஆவி கசியும், விசில் வராது" என்று உடனே சொல்லிவிடுவாள். அதற்காக அவள் யாருக்கும் ஆள் அனுப்புவதில்லை. கடைத்தெருவில் கேஸ்கட் வாங்கிவந்து தானே மாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறாள். அதே வீட்டுக் கூடத்தில், சுவரில் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் புருஷர், காருக்குக் கீழே நாலு சொட்டுப் பச்சைத் தண்ணீரைக் கண்டதும் பதறிப்போய் டெலிபோனை எடுக்கிறார். இருவரில் யார் படித்தவர்?

ஒழுக்கைக் கண்டுபிடிப்பதற்கு ஞானதிருஷ்டி வேண்டாம். ராத்திரி வண்டியை நிறுத்தியதும் எஞ்சினுக்குக் கீழே பழைய பத்திரிகைத் தாள்களை விரித்துவையுங்கள். என் தொடர்கதை வந்த இதழ்களே போதும். காலையில் எந்த இடத்தில் ஈரம் என்று பார்த்து, அதற்கு நேர் மேலே தேடுங்கள். கூலண்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். ரப்பர் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு விட்டிருக்கிறதா, ஊறிப்போய் மெத்தென்று இருக்கிறதா என்று தெரியும். குழாய் முனைகளை இறுக்கும் கிளிப்புகளைப் பாருங்கள். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. உள்ளே அடைப்பு தேய்ந்துவிட்டது என்று சொல்வதற்காகவே வைத்த துவாரம் அது. அதில் தண்ணீர் சொட்டினால் பம்ப்பின் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு ரேடியேட்டரின் தையல், அடியில் உள்ள வடிகுழாய், எஞ்சின் உடம்பின் பக்கவாட்டில் பெரிய காசு போல் பதித்திருக்கும் தகர மூடிகள். பார்க்க வேண்டிய இடங்கள் இவ்வளவுதான். இவை எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், எஞ்சின் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால், அல்லது எஞ்சின் சூடான பிறகும் புகை வெள்ளையாக வந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அது தேர்ந்த கைக்காரர் செய்யவேண்டிய வேலை. அங்கே கை வைக்க வேண்டாம்.

குழாய் ஒழுகினால் மாற்றுவது ஒரு காலை நேரத்து வேலை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தவர் முகத்தில் கொதிநீர் பாயும். இதில் வீரத்துக்கு இடமே இல்லை. தண்ணீரை ஒரு பேசினில் வடித்துக்கொள்ளுங்கள். கூலண்ட் தித்திக்கும் விஷம். தெருவில் கொட்டினால் நாயும் பூனையும் நக்கிச் சாகும். பழைய குழாயை நெம்பாதீர்கள், பித்தளைக் கழுத்து நெளிந்துவிடும். கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். கழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுக் குழாயை மாட்டி, கிளிப்பை அளவோடு முடுக்குங்கள். கூலண்டோடு கலக்க வடித்த தண்ணீரையே உபயோகியுங்கள். போர்த் தண்ணீரை ஊற்றினால், வெந்நீர்ப் பானையில் படிகிற வெள்ளை உப்பு உள்ளே குழாய்களிலும் படியும். மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை ஓடவிட்டு, காற்றெல்லாம் வெளியேறித் தண்ணீர் மட்டம் இறங்கியதும் நிரப்பி மூடுங்கள். ஒரு சுற்றுப் போய்வந்து, ஆறிய பிறகு மறுபடியும் மட்டத்தைப் பாருங்கள். வேலை முடிந்தது.

இதைச் செய்யாமல் நம்மவர்கள் என்னென்ன வைத்தியம் செய்கிறார்கள்! ஒருவர் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுகிறார். இன்னொருவர் முட்டையின் வெள்ளைக் கருவை ஊற்றுகிறார். வேறொருவர் "அடைப்பான்" என்று கடையில் விற்கும் புட்டியைக் கவிழ்க்கிறார். காட்டு வழியில் அகப்பட்டுக்கொண்டால் இவை வீடுவரையில் கொண்டுவந்து சேர்க்கலாம். வீட்டுக்கு வந்த பிறகும் அதே வைத்தியமா? ஒழுக்கை அடைக்கிற பொடி, ஒழுகாத சிறு குழாய்களையும் சேர்த்து அடைக்கும் என்று யோசிக்க வேண்டாமா? சில மெக்கானிக்குகள் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்கிறார்கள். நம் கனவானும் தலையை ஆட்டுகிறார். எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடச் செலவாகும், ஒழுக்கு மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கும் என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. எல்லாவற்றிலும் மோசம், டிக்கியில் நாலு பாட்டில் தண்ணீரைச் சுமந்துகொண்டு, போகும் வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே காலம் தள்ளுவது. தண்ணீர் வற்றிக் கொதித்துப்போன எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இரும்பே விரிசல் விடும். அப்புறம் "அம்பாஸடர் உழைக்கவில்லை" என்று வண்டியைத் திட்டுவது!

எனக்குத் தெரிந்த தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் வாங்கிய வண்டி ஒன்று அவர் வீட்டு வாசலில் நின்றது. அதில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. ஒரு ஒர்க் ஷாப்புக்கு ஓட்டிப்போனார். பெயர் வேண்டாம். "ஹெட் போயிடுச்சு சார், எஞ்சினை இறக்கணும்" என்றார்கள். அறுபதாயிரம் ரூபாய் கேட்டார்கள். பென்ஷன்காரர் எங்கே போவார்? வண்டியைக் காயலான் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். வாங்கினவர் அதே வாசலில் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்; கீழ்க் குழாயின் கிளிப் ஒன்று துருப்பிடித்து அறுந்திருந்தது. பையிலிருந்து வேறொரு கிளிப்பை எடுத்து முடுக்கி, தண்ணீர் ஊற்றி, ஓட்டிக்கொண்டே போய்விட்டார். அந்தக் கிளிப்பின் விலை இரண்டு காப்பிக்கு மேல் இராது. தலைமையாசிரியர் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னமும் பேச்சில் "அப்பா வண்டி" என்று வாய்தவறி வந்துவிடுகிறது, வந்ததும் நிறுத்திக்கொள்கிறார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதித்தவர் அவர். கொதிநிலையையும் அழுத்தத்தையும் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பார்! பானெட்டைத் தூக்கிப் பார்க்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

"நீரே ரிப்பேர் செய்தால் ஏழை மெக்கானிக்கின் வயிற்றில் அடித்ததாகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பதிலும் சொல்ல வேண்டும். ரேடியேட்டரில் ஈயம் பற்றவைக்க நான் போகும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "நீங்க எங்க ஒழுகுதுன்னு காட்டிக் கேக்கறீங்க சார். மத்தவங்க வண்டியைப் போட்டுட்டுப் போயிடறாங்க. நாங்க ஒழுங்கா செஞ்சு குடுத்தாலும் திருடன்னுதான் நெனைக்கறாங்க." எவ்வளவு உண்மை! ஒன்றும் தெரியாதவன் ஏமாறவும் ஏமாறுகிறான். ஏமாற்றாதவனைச் சந்தேகிக்கவும் செய்கிறான். வேலை தெரிந்தவனுக்குத்தான் வேலைக்காரனுடைய அருமை தெரியும். கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கக் கை வரும். கிளிப் மாற்றுவதை நான் செய்துகொள்வதால் அந்தப் பெரியவர் பட்டினி கிடக்கப் போவதில்லை. அவருக்கென்றே உள்ள வேலை அவரிடம் போகத்தான் போகிறது.

"எங்களுக்கு நேரம் ஏது?" என்பார்கள் வேறு சிலர். ஒர்க் ஷாப்பின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டு அரை நாள் காத்திருக்க நேரம் இருக்கிறதே, அது யாருடைய நேரம்?

நேரமும் பணமும் சாக்குகள். அழுக்குப் படுகிற வேலை நமக்கு அடுத்தவன் வேலை என்பதுதான் உள்ளே இருக்கும் நோய். கையால் உழைப்பவன் ஒரு ஜாதி, தலையால் பிழைப்பவன் ஒரு ஜாதி என்று இந்த நாட்டில் வெகு காலமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மேடையில் ஏறி அதைக் கண்டிக்கிறோம். பானெட்டுக்கு முன்னால் நின்று அதையே அனுஷ்டிக்கிறோம். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, உழைத்துப் பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தவர். 1920-ல் ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். அவர் பெயரைச் சொல்லித் தமிழ்நாட்டுக்கே பெருமை என்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை ஸ்பானரை எடுத்தால், "படிக்கிற புள்ளைக்கு எதுக்குடா இது?" என்று பிடுங்கி வைக்கிறோம். பெண் எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. மோட்டார் வண்டிகளும் அதன் விசாரணையில் சேர்ந்தவை. நல்ல காரியம், கம்பெனிகள் உதிரிப் பாகத்தையும் விவரத்தையும் பூட்டி வைத்துக்கொண்டால் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பூட்டே இல்லாத பழைய வண்டியின் பானெட்டைக்கூடத் திறக்காதவனுக்கு எந்தச் சட்டம் வந்து என்ன பிரயோஜனம்?

வருஷத்துக்கு ஒரு நாள், ஆயுத பூஜையன்று, வண்டியைக் கழுவி, பானெட்டின்மேல் சந்தனம் தீற்றி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். பூஜை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தனம் வைத்த அந்த மூடியைத் தூக்கி, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதும் பூஜையில் சேர்ந்ததுதான் என்கிறேன். பக்கத்தில் பிள்ளையையும் பெண்ணையும் நிறுத்திக்கொண்டு பாருங்கள். கையில் கரி படும், படட்டும். சோப்புப் போட்டால் போய்விடும்.