நாலு அடுப்பா, எட்டு அடுப்பா?

"அண்ணி, பையன் படிப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்கணும். கடையிலே நாலு கோர், எட்டு கோர்ங்கிறாங்க. எட்டு வாங்கினா சீட்டுப் பணம் பூராவும் போயிடும். என்ன பண்ண?" என்று சிதம்பரத்திலிருந்து நாத்தனார் கேட்டாள். பல தாய்மார்களுக்கும் இதே கேள்வி இருக்குமே!

கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் பாகம் பிராசஸர். அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர். முன்பெல்லாம் ஒரு சில்லுக்கு ஒரே கோர். வேகத்தைக் கூட்டக் கூட்டச் சூடும் ஏறியது. ஒரே அடுப்பைக் கொழுந்துவிட்டு எரிய விடுவதைவிட, அளவான தீயில் இரண்டு அடுப்பு மேல் அல்லவா? 2001-ல் ஐ.பி.எம்.மின் 'பவர்-4' அப்படித்தான் வந்தது. 2005-ல் இன்டெல், ஏ.எம்.டி. கம்பெனிகள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இரண்டு கோரைக் கொண்டுவந்தன.

ஆனால் எட்டு அடுப்பு இருந்தால் சமையல் எட்டு மடங்கு சீக்கிரம் முடிந்துவிடாது. சோறும் பொரியலும் ஒரே நேரத்தில் வேகலாம். பருப்பு வெந்தால்தானே சாம்பார்? தவிர, எல்லா கோருக்கும் மெமரி பொது. சிதம்பரம் ஆனித் தேரோட்டத்தைப் பாருங்கள். ஐந்து தேருக்கும் தனித்தனி வடம், தனித்தனி ஆட்கள். போகிற வீதி ஒன்றுதான். முன்தேர் நின்றால் பின்தேரும் நிற்க வேண்டியதுதான்!

ஆகவே பாடம் பார்க்க, எழுத, கணக்குப் போட நாலு கோர் தாராளம். வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலைக்கு எட்டு உதவும். மிச்சப் பணத்தில் கொஞ்சம் மெமரிக்குப் போடச் சொன்னேன். பாக்கியைப் பத்திரப்படுத்தச் சொன்னேன்.

இனி, அது குடியிருக்கும் வீடு. மேஜைக் கம்ப்யூட்டரில் நகத்தளவு சிலிக்கான் சில்லுக்கு மேல் உலோக மூடி, அதன்மேல் சூடு கடத்தும் பசை, அப்புறம் அலுமினியத் தகடுகள், சின்ன ஃபேன். சூடு இந்த வழியாக ஏறிக் காற்றோடு வெளியே போக வேண்டும். போகாவிட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசு வீண்தானே?

எனவே சகோதரிகளே:

* பெட்டியை அலமாரிக்குள் அடைக்காதீர்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

* அணைத்து, ஆறிய பிறகே துணி போர்த்துங்கள்.

* எங்கள் கடலூர் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் ஜன்னலோரம் வைக்க வேண்டாம். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும்.

* மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்றுத் துளைகளில் படிந்த தூசியை உலர்ந்த பிரஷால் தட்டுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.