காலி வண்டி ஏன் குதிக்கிறது?

“லோடு இருந்தா பஞ்சு மாதிரி போவுதுண்ணே. காலியா வந்தாத்தான் தூக்கித் தூக்கிப் போடுது.” நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கிவிட்டு டீக்கடையில் நிற்கும் பிக்கப் ஓட்டுநர்கள் அடிக்கடி சொல்வது இது. “லோடு வண்டின்னா அப்படித்தான் இருக்கும் தம்பி” என்று பதில் வரும். பாதி சரியான பதில்தான். மீதிப் பாதி வண்டிக்கு அடியில், புழுதி படிந்து தொங்கிக்கொண்டிருக்கும் ஷாக் அப்சர்பரில் இருக்கிறது. அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

மிராசுதார் வீட்டு வில்வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை வண்டியில் போனால் முதுகு ஒடியும்; வில்வண்டியில் ஒடியாது. அச்சுக்கு மேலே இருந்த இரும்பு வில் வளைந்து கொடுத்ததுதான் காரணம். மாடு போகிற வேகத்துக்கு அது போதும். வில்லின் தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதிலேயே ஆட்டம் அடங்கிவிடும். இன்றைய பிக்கப்பின் பின் அச்சிலும் பெரும்பாலும் அதே வில்தான், பிளேட் செட் என்ற பெயரில். வேகம்தான் மாறிவிட்டது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால், அழுத்தப்பட்ட வில் வாங்கியதை அப்படியே திருப்பித் தரும். வண்டி மேலே போகும், கீழே வரும், மறுபடி மேலே போகும்.

இந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷாக் அப்சர்பர். அதன் குழலுக்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும் இருக்கின்றன. மெல்ல நகர்ந்தால் எண்ணெய் வழிவிடும். வேகமாக நகர்ந்தால் எதிர்த்து நிற்கும். சைக்கிள் பம்பை மெல்ல அழுத்தியும் வேகமாக அழுத்தியும் பார்த்தவர்களுக்கு இது புரியும். துளை வழியே திணறிப் போகும் எண்ணெய் சூடாகிறது. பள்ளத்தில் விழுந்ததால் வந்த ஆற்றல் அப்படிச் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது.

ஆக, சுமையைத் தாங்குவது பிளேட். ஆட்டத்தை அடக்குவது ஷாக். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் நம் பக்கத்தில் பாதித் தவறு நடக்கிறது. ஒன்றரை டன் ஏற்றலாம் என்று இருக்கும் வண்டியில் கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டை 37தான் ஏறும். அறுவடை அவசரத்தில் 50 ஏற்றுகிறோம். வண்டி உட்காருகிறது. பட்டறையில் கூடுதலாக ஒரு பிளேட் போடுகிறோம். நின்ற இடத்தில் வண்டி நிமிர்ந்துவிடுவதால் வேலை முடிந்ததென்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கடினமான வில் இன்னும் வேகமாக உதைக்கும். அதை அடக்க வேண்டியதோ, எண்ணெய் வற்றிப்போன அதே பழைய ஷாக்.

காலியாக வரும்போது குதிப்பதன் கணக்கும் இதுதான். 50 மூட்டைக்காக, அதாவது இரண்டு டன்னுக்காக, வைத்த வில்லின் மேல் இப்போது வெறும் தொட்டிதான் இருக்கிறது. வில் வளையாது, அதனால் ஓரளவு குலுக்கம் எந்த லோடு வண்டியிலும் உண்டு. ஷாக் செத்துவிட்டால் குலுக்கத்தோடு நிற்காது. அச்சும் சக்கரமும் சேர்ந்து தரையை விட்டுத் தத்தும். தத்திய சக்கரத்துக்குப் பிரேக் பிடித்து என்ன பயன்? திருக்காட்டுப்பள்ளியிலிருந்து திருவையாறு வரும் காவிரிக்கரைச் சாலையில் ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வயல். தை, மாசியில் போனால் ஊருக்கு ஊர் சாலையிலேயே நெல் காய்கிறது, வைக்கோல் கிடக்கிறது. அதன் மேல் பின் சக்கரம் தத்திக்கொண்டே வரும் வண்டியை நிறுத்துவது ஓட்டுநர் கையில் இல்லை.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியின் மூலையைக் கையால் அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் வழக்கம் காருக்குப் பொருந்தும். காலி பிக்கப்பின் பின்பக்கத்தை இரண்டு பேர் ஏறி அழுத்தினாலும் பிளேட் அசையாது. ‘ஆடவில்லை, ஷாக் நன்றாக இருக்கிறது’ என்று ஏமாந்துதான் போவோம்.

அதைவிட நல்ல சோதனை விரலில் இருக்கிறது. கரடுமுரடான சாலையில் எட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சைலன்ஸரில் கை படாமல் ஷாக்குகளைத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்தது வெதுவெதுப்பாக இருக்கும். ஒரே அச்சில் வலது சூடாகவும் இடது சில்லென்றும் இருந்தால், இடது சும்மா கூடவே வந்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது எண்ணெய்க் கசிவு. வாய்க்கால் கரைச் சேறு அப்பிய வண்டியில் எது எண்ணெய், எது ஈரம் என்று தெரியாது. முதலில் கழுவுங்கள்; இரண்டு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். மேல் பகுதியில் மெல்லிய ஈரப்படலம் இருந்தால் பயமில்லை. குழல் நெடுக வழிந்து, புழுதி களிமண்போல் ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது. இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் புஷ் வெடித்திருந்தால் ‘டக் டக்’ என்ற சத்தமே காட்டிக்கொடுக்கும். ஷாக் நன்றாக இருந்து புஷ் மட்டும் போன வண்டிகளும் உண்டு. டயரை உள்ளங்கையால் சுற்றித் தடவினால் மேடும் குழியுமாகத் தட்டுப்படுகிறதா? சக்கரம் தத்தித் தத்தி விழுந்ததன் தழும்பாக அது இருக்கலாம். கிலோமீட்டர் கணக்கு கேட்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது 80,000. அது நல்ல சாலைக்குச் சொன்னது. நம் உட்சாலைகளுக்கு அதில் பாதியிலேயே பார்க்கத் தொடங்கலாம்.

மாற்றும்போது ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதியது ஒருபக்கம், பழையது ஒருபக்கம் என்றால் வண்டி கோணலாக ஆடும். பழையதில் எண்ணெய் ஊற்றி ‘ரீகண்டிஷன்’ செய்து தருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேய்ந்த பிஸ்டன் தண்டும் வால்வும் அப்படியேதான் இருக்கும். வண்டி நிறுவனங்களுக்கே ஷாக் செய்து கொடுக்கும் கேப்ரியல் இந்தியா 1961-ல் தொடங்கியது. ஓசூரில் அதற்கு ஆலை இருக்கிறது. (கேப்ரியல் என்ற பெயர் அமெரிக்காவில் முதலில் ஒரு கார் ஹார்னுக்கு வைக்கப்பட்டது. எக்காளம் ஊதும் தேவதூதரின் பெயர். நம் ஓட்டுநர்களுக்கு ஹார்ன் மேல் இருக்கும் அக்கறை புதிதல்ல.) எந்தக் கம்பெனியானாலும் உங்கள் வண்டி மாடலின் எண்ணைச் சொல்லி, பில்லோடு வாங்குங்கள்.

பின் ஷாக்கை மாற்றுவது பிளேட் வண்டியில் பெரிய வேலை இல்லை. சுமையைப் பிளேட் தாங்கிக்கொண்டிருப்பதால் ஷாக்கைக் கழற்றினால் வண்டி உட்காராது. சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். துருப்பிடித்த நட்டுக்கு முந்தைய இரவே எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். கேஸ் கட்டரைக் கிட்டே கொண்டுபோகவே கூடாது. மூடிய குழலுக்குள் எண்ணெய் இருக்கிறது, வெடிக்கும். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்குள் ஷாக் இருக்கும் வண்டியானால், அதைப் பிரிக்கும் வேலையைக் கருவி உள்ள மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

கடையில் படுத்துக் கிடந்த புது ஷாக்கில் காற்று இடம் மாறியிருக்கும். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுக்க இழுத்து அழுத்துங்கள். பளபளக்கும் தண்டைப் பிளையரால் பிடிக்கக் கூடாது. அந்தக் கீறல் சீலை அறுத்துவிடும். பல பட்டறைகளில் விட்டுவிடும் ஒன்று உண்டு. புஷ் இருக்கும் போல்ட்டை, வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

எஃப்சிக்குப் போகும்போது பெயின்ட் அடிக்கிறோம், லைட்டு மாற்றுகிறோம். அந்த வாரத்திலாவது ஒருமுறை அடியில் குனியுங்கள். சம்பா நெல் இறங்கி ஓய்ந்த பிறகு, வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து குறுவைக்கு உர மூட்டை ஏற்றத் தொடங்கும் முன், அரை நாள் ஒதுக்கினால் பின் அச்சின் ஷாக் இரண்டையும் மாற்றிவிடலாம்.