இறுக்கிவிட்டால் ஆட்டம் நிற்காது



போன மாதம் என் அக்கா மகன் படியூருக்குப் பக்கத்தில் வண்டியோடு விழுந்ததைக் கேள்விப்பட்டுப் பலர் போன் செய்தீர்கள். காரை எலும்பு முறிந்திருக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. இப்போது தேறி வருகிறான். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நேரம் சரியில்லை" என்றார் ஒரு பங்காளி. "ரோடு அப்படி" என்றார் இன்னொருவர். நேரத்துக்கும் ரோட்டுக்கும் இதில் பங்கில்லை. மூன்று மாதமாக அந்த வண்டி ஹேண்டிலை உதறிக் காட்டிக்கொண்டே இருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அதில் நானும் ஒருவன்.

பையன் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். தினமும் காங்கேயத்திலிருந்து போய் வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அறுபதைத் தொட்டால் ஹேண்டில் நடுங்குகிறது என்று ஒரு பட்டறையில் விட்டான். "கோன் லூசுங்க, இறுக்கியுட்டேன்" என்றார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியது. மறுபடி ஆட்டம். மறுபடி இறுக்கினார்கள். மூன்றாம் முறை கோன் செட்டையே மாற்றினார்கள். என்னிடம் சொன்னபோது நானும், "பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும் மாப்ளே, மெதுவாப் போ" என்றேன். நாற்பது வருடம் வண்டி ஓட்டிய அனுபவம் தந்த அறிவுரை இது! வெட்கமாக இருக்கிறது.

விபத்துக்குப் பிறகு, மெக்கானிக்காக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்பக்கத்தைத் தொடாமல் நேராகப் பின்னால் போய் உட்கார்ந்தார். பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். சக்கரம் மட்டுமல்ல, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மே சேர்ந்து ஆடியது. புஷ் தேய்ந்து போயிருந்தது. செயின் அட்ஜஸ்டர் இடப்பக்கம் மூன்றாவது கோட்டில், வலப்பக்கம் ஐந்தாவது கோட்டில். அதாவது பின் சக்கரம் கோணலாக நின்றிருக்கிறது. பிறகுதான் ஹேண்டிலுக்கு வந்தார். இறுக்கிய இறுக்கில், திருப்பி விட்டால் விட்ட இடத்திலேயே நின்றது. "இது விழுந்ததுல வந்ததில்லீங்க சார். முன்னாடி ஆடுதுன்னா பின்னாடியும் பாக்கோணுமுங்க" என்றார்.

ஹேண்டில் ஏன் உதறுகிறது? பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரியும். துணி தள்ளும் ட்ராலியின் சின்னச் சக்கரம், வேகமாகத் தள்ளினால் இடமும் வலமுமாகப் படபடக்கும் அல்லவா? மோட்டார் சைக்கிளின் முன் சக்கரமும் அதே இனம்தான். ஹேண்டில் திரும்பும் அச்சைக் கோடு போட்டுத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சில அங்குலம் முன்னால் போய்த் தொடும். டயர் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டு வருவதால்தான் சக்கரம் தானாக நேராகிறது. நேராக்கும் அந்த இழுப்பே, எங்காவது தளர்ச்சியோ கோணலோ இருந்தால், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டி ஆட்டமாகிறது.

1971-இல் ராபின் ஷார்ப் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இதைக் கணக்குப் போட்டு எழுதினார். ஆட்டத்தில் வகை உண்டு. ஹேண்டில் மட்டும் நொடிக்கு ஆறு முதல் பத்துத் தடவை வரை வேகமாக உதறுவது ஒன்று. முழு வண்டியும் நொடிக்கு இரண்டு மூன்று தடவை பாம்பு போல நெளிவது இன்னொன்று. உதறினால் முன் டயர், முன் சக்கரம், கோன் செட் பக்கம் சந்தேகம் அதிகம். நெளிந்தால் ஸ்விங் ஆர்ம், பின் டயர், பின்னால் ஏற்றிய பாரம். ஆனால் ஒன்று இன்னொன்றைத் தூண்டும். அதனால் இரண்டு முனையையும் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

எங்கள் வண்டியில் நடந்தது இதுதான். கோனை இறுக்கியதும் உராய்வு கூடி உதறல் அடங்கியது போலத் தெரிந்தது. பின்னாலிருந்த தளர்ச்சி அப்படியே இருந்தது. போதாததற்கு ஹேண்டில் தானாக நேராகும் குணத்தையும் இழந்தது. எழுபதைத் தாண்டியபோது வண்டி நெளிந்தது, கட்டுக்கு வரவில்லை. இறுக்கியது வைத்தியம் இல்லீங்க. வலியென்று சொல்பவனின் வாயைப் பொத்திய வேலை.

மெக்கானிக்குகளைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். அவர்களில் பாதிப் பேர் என் மாணவர்கள். குற்றம் நம்மிடமும் இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, "புஷ் தேய்ஞ்சிருக்குது" என்று சொன்னால் அதற்குக் காசு கொடுக்கிறோமா? "என்ன மாத்துன? எதுக்குக் காசு?" என்று கேட்கிறோம். பொருளை மாற்றினால்தான் கூலி என்றால், மாற்றத்தான் செய்வார்கள். டாக்டருக்குப் பார்த்ததற்கு பீஸ் கொடுக்கும் நாம், உயிரைச் சுமக்கும் வண்டியைப் பார்த்தவருக்கு நூறு ரூபாய் கொடுக்க யோசிக்கிறோம்.

இனி யாருடைய வண்டி ஆடினாலும், கையை விட்டு ஓட்டிச் சோதிக்காதீர்கள். நிறுத்தி வைத்து இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாதது முதலில்.

1. டயர் சூடாகும் முன் காற்று அளவு. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது அளவல்ல.

2. இரண்டு டயரும். நடுவில் தட்டையாகத் தேய்ந்ததா, மேடு பள்ளமா, ரிம்மில் சுற்றிலும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா?

3. சக்கரத்தைச் சுழற்றி, ரிம் ஓரம் ஒரு பேனாவை அசையாமல் பிடியுங்கள். கோணல் இருந்தால் தெரியும். கம்பிச் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பாருங்கள். தளர்ந்த கம்பி மந்தமாகச் சத்தம் கொடுக்கும்.

4. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் பேரிங் தேய்மானம் தெரியும்.

5. முன் சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். "டக்" என்றால் கோன் தளர்ச்சி. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் தட்டி நின்றால் கோன் செட் குழிந்திருக்கிறது, மாற்ற வேண்டும். எங்குமே தானாக நகரவில்லை என்றால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறது.

6. ஸ்விங் ஆர்ம் புஷ், இரு பக்கச் செயின் அட்ஜஸ்டர் கோடு. டயர் பஞ்சர் ஒட்டிய பிறகு இதைக் கட்டாயம் பாருங்கள்.

7. பாரம். பின் சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டு பண்டல் கட்டினால் முன் சக்கரம் லேசாகிவிடும். ஹேண்டிலில் சாப்பாட்டுப் பை தொங்கவிடுவதும் வேண்டாம்.

ஓடும்போது ஆட்டம் வந்துவிட்டால் முன் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஹேண்டிலோடு மல்லுக்கட்டாதீர்கள். முழங்காலால் டேங்கைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறையுங்கள். வேகம் தானாக இறங்கட்டும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் "பழைய வண்டின்னா ஆடத்தான் செய்யும்" என்று என்னைப் போல ஒரு மாமா சொல்லியிருப்பாரோ.

கடைசியாக ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் வரிசையில் பெஞ்சை ஆட்டிச் சத்தம் போட்டதாக ஒரு பையனை அடித்தேன். மறுநாளும் சத்தம் வந்தது, மறுபடி அடித்தேன். மூன்றாம் நாள் குனிந்து பார்த்தால் பெஞ்சின் பின்கால் ஒன்று குட்டை. ஒரு துண்டு அட்டையை மடித்து வைத்தேன், சத்தம் நின்றது. அவனிடம் அன்று மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பதிவை அவன் படித்தால், இப்போது கேட்கிறேன் என்று எடுத்துக்கொள்ளட்டும்.

சத்தம் வந்த இடத்தை அடிக்காதீர்கள். குனிந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், காங்கேயம்