மீனுக்குள் சுருண்ட புழு



மீன் குடலில் வெள்ளை நூல்போல் சுருண்ட புழுவைக் கண்டு முழு மீனையும் வீசியதாக ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பெண்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள். போரால் இடம்பெயர்ந்து வந்து லயத்தில் குடியிருக்கும் கடற்கரைச் சகோதரி ஒருத்தி, "இதுக்கா அக்கா மீனை வீசுறது?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். கொழுந்து பறித்த காசல்லவா!

அனிசாக்கிஸ் என்னும் புழு இது. பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கிறோமே, அந்தக் குடற்பூச்சி அல்ல. இதன் சொந்த வீடு திமிங்கிலம், டொல்பின் போன்றவற்றின் இரைப்பை. முட்டை கழிவோடு கடலில் சேரும். அதில் வரும் குஞ்சைக் கூனி இறால் போன்ற சிற்றுயிர்கள் தின்னும், அவற்றை மீன் தின்னும், மீனைத் திமிங்கிலம் தின்னும்.

மனிதர் வயிற்றில் இது வளர்ந்து முட்டையிடாது. ஆனால் உயிரோடு போனால் இரைப்பைச் சுவரைத் துளைக்கும். கடும் வலியும் வாந்தியும் வரும். நெதர்லாந்தில் ஹெரிங் மீனைச் சமைக்காமல் தின்றவர்களிடம் இதைக் கண்டறிந்து 1960இல் எழுதினார்கள். 1968இல் அம்மீனை உறையவைத்தே விற்கச் சட்டம் வந்தது.

நம்மைக் காப்பது குழம்புச் சட்டிதான். மீனின் நடுப்பகுதி வரை 60 பாகைச் சூடு ஒரு நிமிடம் ஏறினால் புழு செத்துவிடும். உயரமான நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும், அதுவே தாராளம். தேசிக்காய்ப் புளியும் வினாகிரியும் கொல்லாது.

மீன் செத்தபின் புழு குடலிலிருந்து சதைக்கு ஏறும். ஆகவே வாங்கியதும் குடலை எடுத்துவிடுங்கள், கண்ட புழுவைக் கத்தியால் நீக்குங்கள். நாறிய மீன் வேறு கதை, அதை வீசத்தான் வேண்டும்.

சிலருக்கு வெந்த புழுவும் ஒவ்வாது. மீன் சாப்பிட்டபின் உடல் தடித்து அரித்தால், மூச்சு இழுத்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீன் சாப்பிட்டதையும் மறக்காமல் சொல்லுங்கள்.